பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மதில்

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரத்துக்கு அருகே, கட்டபொம்மன் மரபினரின் பாளையத் தலைநகராக விளங்கிய பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்திருந்த மண் மதில். வடிவிலோ உயரத்திலோ பகட்டு இல்லாத இம்மதில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பீரங்கிகளைத் தாங்கி நின்றதால் புகழ்பெற்றது.

1801 முற்றுகையில் பங்கேற்ற கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் இதனை விவரித்திருக்கிறார். கோட்டை ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட ஒழுங்கற்ற நீள்சதுரம். மதில் முழுவதும் இறுகிய, பசைத்தன்மை மிக்க மண்ணால் ஆனது. உயரம் பொதுவாக 12 அடிதான். சிறு சதுரக் கொத்தளங்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட மதில் துண்டுகள் மிகக் குறுகியவை என்பதால், எந்த இடத்தில் ஏற முயன்றாலும் இரு பக்கத்துக் கொத்தளங்களிலிருந்தும் தாக்குதல் வந்தது. வெளியே அடர்ந்த முள்வேலி.

குண்டு பட்டால் கருங்கல் சிதறும். செங்கல் கட்டு சாந்து இணைப்புகளில் விரிசல் விட்டு மொத்தமாகச் சரியும். தடித்த மண் மதிலிலோ குண்டு புதைந்து நின்றுவிடும். அதன் விசை மண்ணை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். மண்ணுக்கு இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைவு. அழுத்தத்தை ஓரளவு தாங்கும். ஆகவே அதன் வலிமை முழுவதும் கனத்திலேயே இருக்கிறது. மதிலின் இன்னொரு சிறப்பு பழுதுபார்க்கும் எளிமை. பகலில் விழுந்த உடைப்பை இரவில் அதே ஊர் மண்ணைக் கொண்டு அடைத்துவிடலாம். அதன் உண்மையான பகை மழைதான்.

1783 ஆகஸ்டில் கம்பெனிப் படையின் கர்னல் ஃபுல்லர்டன் மதிலில் உடைப்பு ஏற்படுத்தியும் நேரடித் தாக்குதல் தோற்றது. உள்ளிருந்தோர் இரவில் வெளியேறிய பின்னரே கோட்டை அவர் கைக்கு வந்தது. 1799 செப்டம்பர் 5இல் மேஜர் பானர்மேனின் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. வீரபாண்டிய கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி, பிறகு பிடிபட்டு, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கம்பெனியார் மதிலை இடித்தனர். 1801 பிப்ரவரி 2இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து மீண்ட கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மக்களும் ஒரு வாரத்துக்குள் அதனை மீண்டும் எழுப்பினர். கல்லையோ சுண்ணாம்பையோ நம்பியிருந்தால் இந்த வேகம் கைகூடியிராது. மார்ச் 31இல் கம்பெனி அதிகாரி மெக்காலேயின் படை உடைப்பு வழியே ஏற முயன்று, நீண்ட ஈட்டிகளுக்கு இரையாகிப் பெரும் இழப்புடன் திரும்பியது. கூடுதல் படையுடனும் பீரங்கிகளுடனும் வந்த கர்னல் அக்னியூவிடம் மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. பிறகு தரைமட்டமாக்கப்பட்டது.

இம்மதில் ஒரே பொருளால் ஆனது. இக்காலக் கட்டடங்களில் இருவகைப் பொருள்களை அடுக்கும் கூட்டுச் சுவரின் இயல்பு வேறு. வெளிப்புறம் செங்கல்லும் உட்புறம் ஹாலோ பிளாக்கும் (உள்ளீடற்ற சிமென்ட் பிளாக்) வைத்துக் கட்டினால், விறைப்பு மிகுந்த அடுக்கே பாரத்தில் பெரும்பங்கை ஏற்கும். சுட்ட செங்கல் ஈரம் உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக விரியும். சிமென்ட் பிளாக் உலர உலரச் சுருங்கும். இரண்டும் எதிரெதிராக நகர்வதால், இறுகப் பிணைத்த சுவரில் விரிசல் தோன்றும். பிளாக்கை நன்கு உலரவிட்ட பிறகே அடுக்குவதும், நீண்ட சுவரில் இடைவெளி மூட்டு விடுவதும் இதற்காகத்தான். இரண்டு அடுக்கையும் கட்டும் கம்பி துருப்பிடித்தால், தனித்தனியே நிற்கும் மெல்லிய அடுக்குகளே மிஞ்சும். தூத்துக்குடியின் உப்புக் காற்றில் சாதாரணக் கம்பி நெடுநாள் நிற்காது.

பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது காணப்படுவது 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை.