லிட்ரேச்சர் ரிவ்யூ இல்லாத ஒரு தீசிஸ்

நம்ம நேயர்கள்ல நிறைய பேர் எம்.ஏ. டிசர்டேஷனோ பிஎச்.டி. தீசிஸோ எழுதிக்கிட்டு இருக்கீங்க. உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான்: இன்டர்வியூ எல்லாம் எடுத்தாச்சு, நோட்டு நோட்டா எழுதியாச்சு, இதை எப்படி சாப்டர் சாப்டரா பிரிக்கிறது? கைடைக் கேட்டா அஞ்சு தலைப்பு சொல்லுவார். முன்னுரை, லிட்ரேச்சர் ரிவ்யூ, மெத்தடாலஜி, கண்டுபிடிப்புகள், முடிவுரை. இந்த வரிசை வானத்துல இருந்து விழுந்தது இல்லை. அதுக்குப் பின்னாடி பல சண்டைகள் இருக்கு. அதுல ஒரு சண்டையை இன்னைக்குச் சொல்றேன்.

1936. வில்லியம் ஃபுட் வைட் என்ற இளைஞர், 22 வயது, படிச்சது பொருளாதாரம். ஹார்வர்டில் ஒரு ஃபெலோஷிப் கிடைக்கிறது. இஷ்டப்பட்டதை ஆராயலாம், பணம் கிடைக்கும், ஆனால் அதை வைத்து பிஎச்.டி. வாங்க முடியாது. வசதியான குடும்பத்துப் பையன் அவர். பாஸ்டன் நகரத்தில் இத்தாலியக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த நார்த் எண்ட் பகுதிக்குப் போனார். ஒரு ரெஸ்டாரன்ட் நடத்திய குடும்பத்தோடவே தங்கினார், இத்தாலிய மொழி கற்றுக்கொண்டார். புத்தகத்தில் அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் கார்னர்வில்.

அங்கே அவருக்குக் கிடைத்த துணை ‘டாக்’. இதுவும் மாற்றுப் பெயர்தான். தெருமுனையில் கூடும் ஒரு பையன்கள் குழுவுக்கு அவர் தலைவர். ஒருநாள் ஒரு சூதாட்டக்காரரிடம் வைட் நேரடியாகப் போலீஸ் லஞ்சம் பற்றிக் கேட்டுவிட்டார். அந்த ஆளின் முகம் மாறிப்போச்சு, பேச்சும் நின்னுபோச்சு. மறுநாள் டாக் சொன்னதன் சாரம் இதுதான்: யார், ஏன், எதுக்குன்னு குடையாதே. கூடவே இரு, கேட்காமலே பதில் வரும். குவாலிடேட்டிவ் ஆய்வு பற்றி நான் படித்த ஆலோசனைகளில் இதைவிட உருப்படியானது குறைவு. சொன்னவர் வேலையில்லாமல் இருந்த ஒரு தெருமுனைத் தலைவர்.

சரி, நோட்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் எல்லாத்தையும் தேதி வரிசைப்படி ஒரே ஃபோல்டரில் போட்டார். கொஞ்ச நாளில் அது தாங்கவில்லை. இரண்டு வழி இருந்தது. அரசியல், சர்ச், குடும்பம், சட்டவிரோதத் தொழில் என்று தலைப்புவாரியாகப் பிரிக்கலாம். இல்லைன்னா டாக்கின் குழு, கல்லூரி போன பையன்களின் கிளப் என்று குழுவாரியாகப் பிரிக்கலாம். பெரிசா யோசிக்காமலே குழுவாரியாகப் போட்டார். தலைப்பு பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கூடவே மூணு பத்தியில் ஒரு அட்டவணையும் போட்டு வைத்தார்: தேதி, சந்தித்த ஆள், நடந்ததன் சுருக்கம்.

ஃபைல் அடுக்கிறது குமாஸ்தா வேலை மாதிரி தோணும். ஆனால் அந்த முடிவுதான் புத்தகத்தின் உருவத்தையே தீர்மானித்தது. முதல் அத்தியாயமே டாக்கும் அவருடைய பையன்களும். அடுத்தது சிக் என்பவரும் அவருடைய கிளப்பும். பிறகுதான் சட்டவிரோதத் தொழிலும் அரசியலும் வருகின்றன. தலைப்புவாரியாகப் பிரித்திருந்தால் ‘பொழுதுபோக்கு’ என்ற ஃபோல்டருக்குள் ஒரு முக்கியமான விஷயம் செத்துப் போயிருக்கும். அது பௌலிங்.

டாக்கின் பையன்கள் சனிக்கிழமை இரவுகளில் பௌலிங் ஆடுவார்கள், வைட்டும் கூட ஆடுவார். அவரும் முதலில் அதை வெறும் ஜாலின்னுதான் நினைத்தார். 1938 ஏப்ரலில் ஒரு போட்டி. ஆலெக் என்ற பையன் சாதாரண நாட்களில் பிரமாதமாக ஆடுவான். குழுவில் அவனுக்கு மதிப்பு கிடையாது. போட்டி அன்றைக்குக் கடைசி இடம் அவனுக்கு. டாக்கும் அவருக்கு நெருக்கமானவர்களும் மேலே. முதலிடம் யாருக்குத் தெரியுமா? வைட்டுக்கே. ஸ்கோர் பட்டியல் கிட்டத்தட்ட அந்தக் குழுவின் அந்தஸ்துப் பட்டியலாக இருந்தது. மேலே இருப்பவன் தடுமாறினால் உற்சாகப்படுத்துவார்கள், கீழே இருப்பவன் நன்றாக ஆடினால் கிண்டல் பண்ணியே கவிழ்ப்பார்கள். ஆட்களோடு சேர்த்து அடுக்கிய நோட்ஸில்தான் இந்தத் தொடர்பு கண்ணில் படும்.

1940-ல் பிஎச்.டி.க்காக சிகாகோ பல்கலைக்கழகம் போனார். 1943-ல் வைவா. அவர் கொடுத்தது புத்தகமாகவே எழுதப்பட்ட கைப்பிரதி. லிட்ரேச்சர் ரிவ்யூ கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்தவர் லூயிஸ் விர்த். 1928-ல் ‘தி கெட்டோ’ எழுதியவர், சாதாரண ஆள் இல்லை. சேரி என்றால் என்ன, முதலில் வரையறை சொல்லு என்று பிடித்துக்கொண்டார். சேரி என்றாலே ஒழுங்கு குலைந்த சமூகம் என்பதுதான் அன்றைக்கு சிகாகோவின் பாடம். வைட்டின் மொத்த ஆய்வும் சொன்னது அதற்கு நேர்மாறு: இங்கே ஒழுங்கு இருக்கு, அது உங்களுக்குப் பழக்கமில்லாத ஒழுங்கு. விர்த் கேட்ட வரையறையோடு ஆரம்பித்திருந்தால் அவர் தீசிஸைத் தானே மறுத்த மாதிரி ஆகியிருக்கும்.

கடைசியில் சமரசம். சேரிகள் பற்றிய முந்தைய ஆய்வுகளை அலசி எழுதித் தரணும், அதைப் புத்தகத்தோடு சேர்த்து நூலகத்தில் வைக்கணும், பட்டம் உண்டு. வைட் அதைத் தனிக் கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். அப்புறம் சேர்த்துக் கட்டும் நிபந்தனையும் தளர்ந்தது. ‘ஸ்ட்ரீட் கார்னர் சொசைட்டி’ ரிவ்யூ இல்லாமலே அதே 1943-ல் வெளிவந்தது.

விர்த்தை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. முன்னாடி இருப்பவர்கள் என்ன சொன்னார்கள், நீ எங்கே வேறுபடுகிறாய் என்ற கேள்வி நியாயமானது. சொல்லப்போனா வைட் தனியாக எழுதிய கட்டுரையில்தான் அவருடைய வாதம் கூர்மையாகத் தெரிகிறது. ஆனா அது இரண்டாவது சாப்டரில்தான் உட்காரணும்னு ஏன் கட்டாயம்? களத்தில் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு அந்த ஒப்பீட்டுக்கு வந்தால் வாசகருக்கும் புரியும். உங்க கைடு ஒத்துக்கொள்வாரா என்பது வேற விஷயம்!

மெத்தடாலஜி? அதுவும் முதல் பதிப்பில் பெரிசா இல்லை. 1955-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நீண்ட பின்னிணைப்பாகச் சேர்த்தார். தங்கிய வீடு, சொதப்பிய கேள்விகள், ஃபோல்டர் குழப்பம் எல்லாம் அதில்தான் இருக்கு. 1937 தேர்தலில் நாலு தடவை ஓட்டுப் போட்டதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். புத்தகம் வந்த பிறகு டாக் சங்கடப்பட்டதும் அதில் வருகிறது. மாற்றுப் பெயர் வைத்தாலும் அந்தத் தெருவில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும்தானே.

1992-ல் மேரியன் போலன் என்ற ஆய்வாளர், அதே பகுதி மக்களைச் சந்தித்துவிட்டு, வைட் அந்த ஊரைத் தவறாகக் காட்டினார் என்று கடுமையாக எழுதினார். வைட் உயிரோடு இருந்தார், மறுப்பும் எழுதினார். யார் சொல்வது சரி என்று இரண்டு பக்கமும் வாதாட முடிந்ததற்கு ஒரு காரணம், தான் யாரோடு இருந்தேன், எப்படிக் கேட்டேன், எங்கே சறுக்கினேன் என்பதை அவரே அந்தப் பின்னிணைப்பில் எழுதி வைத்திருந்ததுதான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.