பார்ப்பதற்கு மட்டும் ஓர் அனுமதி

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1962-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவு. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் துளையிட்ட அட்டை ஒன்றை அச்சுக்கூடத்துக்கான வரிசையில் சேர்த்தார். ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் புதுமை அங்கே அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு உருவாக்கிய அந்த அமைப்புக்கு சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கு ஒரு கடவுச்சொல், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு. ஷெருக்குக் கிடைத்தது 4 மணி நேரம். அது அவருக்குப் போதவில்லை. எந்தக் கோப்பை அச்சிட வேண்டுமானாலும் கணக்கு எண்ணையும் கோப்பின் பெயரையும் அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் போதும் என்பதைக் கவனித்திருந்தவர், கடவுச்சொற்கள் இருந்த கோப்பின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை விடிகாலையில் அச்சுத்தாள்கள் வைக்கும் அலமாரிக்குப் போனார். அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் தாளில் வரிசையாக இருந்தன. கால் நூற்றாண்டு கழித்துத்தான் அதை வெளியே சொன்னார்.

கணிப்பொறித் திருட்டின் முதல் அத்தியாயமாக இதைச் சொல்வது வழக்கம். ஆனால் ஷெர் அப்போது என்ன ஆய்வு செய்துகொண்டிருந்தார் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பலர் பங்கிடும் கணிப்பொறி எத்தனை பேருக்கு ஈடுகொடுக்கும், எங்கே திணறும் என்று அளந்து சொல்வதே அவருடைய ஆய்வு. இன்று ஒரு தரவுத்தள சர்வரின் நிலையைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரின் வேலையும் ஏறக்குறைய அதேதான். இயந்திரத்தின் உடல்நிலையைப் பார்க்க விரும்பியவருக்கு அதற்குப் போதுமான வழியை அமைப்பு தரவில்லை. அவர் கையில் கடைசியில் சிக்கியது எல்லோருடைய சாவியும் சேர்ந்த கொத்து. தரவுத்தளங்களின் உலகம் இந்த முரணிலிருந்து வெளியே வர அரை நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

கொள்கை அளவில் விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதே எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய கட்டுரை, கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையில் இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு அதிகாரம் தேவையோ அவ்வளவை மட்டும் கொடு என்பது அதில் அவர்கள் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று. மறு ஆண்டே ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பட்ரீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும் ‘சிஸ்டம் ஆர்’ என்ற தரவுத்தளத்துக்கு அனுமதி ஏற்பாடு ஒன்றை வடிவமைத்து வெளியிட்டார்கள். ‘கிராண்ட்’ என்று எழுதினால் அனுமதி சேரும். ‘ரிவோக்’ என்று எழுதினால் பறிபோகும். இன்று எந்தத் தரவுத்தள நிர்வாகியும் தூக்கத்தில்கூடத் தட்டிவிடக்கூடிய அந்த இரண்டு கட்டளைகளும் அங்கிருந்துதான் வந்தன.

அதில் ஒரு நுட்பம் உண்டு. தான் பெற்ற அனுமதியை ஒருவர் இன்னொருவருக்கும், அவர் வேறொருவருக்கும் கொடுத்திருக்கலாம். முதல் ஆளிடமிருந்து பறித்தால், அவர் வழியாக மட்டும் வந்த எல்லா அனுமதிகளும் சங்கிலியாக அறுந்துவிழ வேண்டும். எது யார் வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க, ஒவ்வோர் அனுமதிக்கும் நேரமுத்திரை வைத்தார்கள். அதில் இருந்த ஒரு பிழையை 1978-இல் ரொனால்ட் ஃபேகின் கண்டுபிடித்துத் திருத்தினார். அவ்வளவு அக்கறையாகச் செதுக்கிய ஏற்பாடு அது. ஆனால் அதில் பேசப்பட்டதெல்லாம் அட்டவணைகள் மட்டுமே. யார் படிக்கலாம், யார் சேர்க்கலாம், யார் அழிக்கலாம். சர்வருக்குள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் யாருக்காகக் காத்துக்கிடக்கிறார்கள், நினைவகம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க யாருக்கு உரிமை என்பது கேள்வியாகவே எழவில்லை. இயந்திரம் இருந்த அறையிலேயே அதை இயக்குபவரும் உட்கார்ந்திருந்த காலம் அது.

தொலைவு கூடியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1980-களில் சர்வர் ஓரிடம், பயன்படுத்துபவர் வேறிடம் என்று ஆனது. வலைப்பின்னல் கருவிகளின் நிலையைத் தொலைவிலிருந்து விசாரிக்க 1988-இல் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வந்தது. ‘நீ நலமா?’ என்று கேட்கிற கேள்வியோடு ஓர் அடையாளச் சொல்லையும் அனுப்ப வேண்டும். பெரும்பாலான கருவிகளில் அந்தச் சொல், படிப்பதற்கு ‘பப்ளிக்’, மாற்றுவதற்கு ‘பிரைவேட்’ என்றே தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதுவும் எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் போனது.

ஆரக்கிள் தரவுத்தளத்திலும் கதை வேறல்ல. தொலைவிலிருந்து கண்காணிக்கும் மென்பொருளுக்கென்றே ‘டி.பி.எஸ்.என்.எம்.பி.’ என்ற பெயரில் ஒரு கணக்கு அதில் இருந்தது. கண்காணிப்புக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று யோசித்தது நல்ல காரியம். ஆனால் அந்தக் கணக்கின் பெயரே அதன் கடவுச்சொல்லாகவும் பல காலம் இருந்தது. ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட்டின் பெயரில் ஒரு மாதிரிக் கணக்கும் கூடவே வந்தது. அதன் கடவுச்சொல் ‘டைகர்’; அவர் மகள் வளர்த்த பூனையின் பெயர். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் ‘எஸ்.ஏ.’ என்ற தலைமைக் கணக்கைக் கடவுச்சொல்லே இல்லாமல் வெறுமையாக விட்டுவைத்தவர்கள் எண்ணற்றோர். கண்காணிப்பு மென்பொருளுக்கும் அதே ‘எஸ்.ஏ.’வைக் கொடுப்பதுதான் சுலபமாக இருந்தது. மின்கணக்கு எடுக்க வருபவர் வாசலில் இருக்கும் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்; அவரிடம் யாரும் பீரோ சாவியைக் கொடுப்பதில்லை. தரவுத்தள உலகம் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

விலை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. 2002 மே மாதம், வெறுமையாக விடப்பட்ட ‘எஸ்.ஏ.’ கணக்குகளைத் தேடித் தேடி நுழையும் ‘ஸ்பைடா’ என்ற கணிப்பொறிப் புழு பரவியது. அதைவிடப் பெரிய அடி 2003 ஜனவரி 25 அன்று, இந்திய நேரப்படி சனிக்கிழமை காலை 11 மணி அளவில் விழுந்தது. ‘ஸ்லாமர்’ என்று பின்னால் பெயர்பெற்ற அந்தப் புழுவின் மொத்த அளவே 376 பைட்டுகள். தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பாதிக்கப்படக்கூடிய கணிப்பொறிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 இயந்திரங்கள்.

அது எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஸ்.க்யூ.எல். சர்வர் 2000-இல் ஒரே இயந்திரத்தில் பல சர்வர்களை ஓட்டலாம் என்ற வசதி வந்தது. எந்தெந்தப் பெயரில் எவை ஓடுகின்றன, எந்த வழியில் அவற்றை அணுகலாம் என்று வெளியிலிருந்து கேட்பவருக்குப் பதில் சொல்ல 1434 என்ற போர்ட்டில் ஒரு சிறு சேவை காத்திருந்தது. நிலையை விசாரிக்கும் கேள்விதானே, இதற்கென்ன கடவுச்சொல் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. கேட்டவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லும். அந்தச் சேவையில் இருந்த பிழையை டேவிட் லிட்ச்ஃபீல்ட் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே திருத்தமும் வெளியிட்டிருந்தது. பலர் அதைப் போடவில்லை. பாங்க் ஆஃப் அமெரிக்காவின் 13,000 ஏ.டி.எம்.கள் பணம் தராமல் நின்றன. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்துக்குள்ளும் ஓர் ஒப்பந்ததாரரின் இணைப்பு வழியாகப் புழு புகுந்தது. அணு உலையின் பாதுகாப்பு அளவுகளைத் திரையில் காட்டும் கண்காணிப்பு அமைப்பு அங்கே ஐந்து மணி நேரம் வரை வேலை செய்யவில்லை. உலை ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதனால் ஆபத்து நேரவில்லை.

2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ புழு, விண்டோஸ் இயந்திரங்கள் தொலைவிலிருந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 135-ஆம் போர்ட் வழியாக வந்தது. கண்காணிப்பு மென்பொருள்கள் விண்டோஸ் சர்வரின் நிலையை விசாரிப்பதும் அந்த வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் கதவுகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கியது. 2005-இல் வந்த விண்டோஸ் சர்வர் 2003-இன் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு, நிர்வாகி அல்லாத ஒருவர் தொலைவிலிருந்து எந்தெந்தச் சேவைகள் ஓடுகின்றன என்ற பட்டியலைக்கூடப் பார்க்க முடியாமல் போயிற்று.

இதன் விளைவை, எஸ்.க்யூ.எல். சர்வரை நிர்வகிக்க உதவும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்திருப்பவர்கள் தினமும் பார்த்திருப்பார்கள். இடப்பக்கப் பட்டியலில் சர்வரின் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு படம். அதன் மூலையில் பச்சை முக்கோணம் இருந்தால் சர்வர் ஓடுகிறது; சிவப்புச் சதுரம் இருந்தால் நிற்கிறது. சில சர்வர்களுக்கு மட்டும் அந்த இடத்தில் வெறும் வெள்ளை வட்டம் தெரியும். பார்ப்பவர் சர்வருக்குள் நுழைந்து அட்டவணைகளை எல்லாம் படித்துக்கொண்டிருப்பார். ஆனாலும் அந்த வட்டம் பச்சையாகாது. காரணம், தரவுத்தளம் ஓடுகிறதா என்ற கேள்விக்குப் பதில் தருவது தரவுத்தளம் அல்ல, விண்டோஸ். தரவுத்தளத்தில் பெற்ற அனுமதி விண்டோஸிடம் செல்லாது. இரண்டு வீட்டு அனுமதியும் வேண்டும் என்பது புரியாமல், ‘போகட்டும், நிர்வாகியாகவே ஆக்கிவிடு’ என்று முடித்த அலுவலகங்கள் நிறைய. பல கோளாறுகளுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

உண்மையான மாற்றம் எஸ்.க்யூ.எல். சர்வர் 2005-இல் வந்தது. ‘வியூ சர்வர் ஸ்டேட்’ என்று தனியாக ஓர் அனுமதி. அது இல்லாதவர் தன்னுடைய இணைப்பை மட்டும் பார்க்கலாம். இருப்பவர் சர்வர் முழுவதின் இயக்கத்தையும் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது, அட்டவணைகளைப் படிக்கவும் முடியாது. பார்ப்பதும் ஓர் அதிகாரம், அதற்கென்று ஓர் அளவு உண்டு என்பதை அந்த மென்பொருள் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். அதுவும் முழுமையாக இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வினவல்களின் வாசகத்தையும் அந்த அனுமதி காட்டிவிடும். வாடிக்கையாளரின் பெயரோ கைப்பேசி எண்ணோ வினவலுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருந்தால், பார்ப்பவர் கண்ணில் அதுவும் படும்.

மற்ற தரவுத்தளங்கள் அவரவர் வழியில் வந்தன. மைஎஸ்க்யூஎல்லில் சர்வரின் பொதுவான எண்ணிக்கைகளைப் பார்க்க உள்ளே நுழைய முடிந்தாலே போதும். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ‘பிராசஸ்’ என்ற அனுமதி தேவை. ‘பிங்’ என்ற அதன் சிறு கட்டளை இன்னும் அழகு. தவறான கடவுச்சொல்லோடு தட்டினாலும், ‘அனுமதி இல்லை’ என்று மறுக்கவாவது சர்வர் உயிரோடு இருக்கிறதே என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, ஓடுகிறது என்றே பதில் தரும். போஸ்ட்கிரெஸின் ‘பிஜி_இஸ்ரெடி’யும் அப்படித்தான். உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் அறிய எந்த அனுமதியும் தேவையில்லை என்பதை இந்த இரண்டும் நிரூபித்துவிட்டன.

போஸ்ட்கிரெஸ் இன்னொரு விஷயத்தில் தாமதித்தது. சாதாரணக் கணக்கில் பார்த்தால் மற்றவர்களின் வினவல் இருக்க வேண்டிய இடத்தில் ‘போதிய அனுமதி இல்லை’ என்ற வாசகம்தான் வரும். ஒன்று, கண்காணிப்புக் கணக்கையே எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் ஆக்க வேண்டும். அல்லது சுற்றுவழியாகச் சிறப்பு ஃபங்ஷன்கள் எழுதிக்கொள்ள வேண்டும். 2017 அக்டோபரில் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் ‘பிஜி_மானிட்டர்’ என்ற ஆயத்த அனுமதித் தொகுப்பு சேர்ந்தபோது அந்த அவஸ்தை தீர்ந்தது. ஒரே வரி ‘கிராண்ட்’. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் மென்பொருளில் இப்படி ஒரு வசதி வந்ததை எத்தனை பாராட்டினாலும் தகும்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இரவுப் பணியில் உட்கார்ந்து, கடல் கடந்த வங்கிகளின், கடைகளின், மருத்துவமனைகளின் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது பல்லாயிரம் பேருக்குப் பிழைப்பு. அவர்களுக்கு எவ்வளவு அனுமதி தருவது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. தேவைக்கு மேல் அதிகாரம் கொண்ட கணக்கு ஒருவர் கையில் இருந்தால், எங்கே என்ன தவறு நடந்தாலும் சந்தேகம் முதலில் அவர்மீதுதான் விழும். குறுகிய அனுமதி நிறுவனத்தின் தரவைக் காப்பது போலவே ஊழியரின் பெயரையும் காக்கிறது. இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை.

2020 டிசம்பர் 13 அன்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை ஓர் அவசர உத்தரவு பிறப்பித்தது: அரசுத் துறைகள் தங்களிடம் உள்ள ‘சோலார்விண்ட்ஸ் ஓரியன்’ மென்பொருளை உடனே துண்டிக்க வேண்டும். ஓரியன் என்பது சர்வர்களையும் வலைப்பின்னல்களையும் கண்காணிக்கும் மென்பொருள். அதன் புதுப்பிப்புகளுக்குள்ளேயே உளவாளிகள் தங்கள் நிரலை ஒளித்துவைத்திருந்தார்கள். அந்தப் புதுப்பிப்பைப் பெற்ற வாடிக்கையாளர்கள் 18,000-க்குள் இருக்கலாம் என்று நிறுவனம் சொன்னது; நிதித்துறையும் வணிகத்துறையும் ஊடுருவலுக்கு ஆளாயின. தாக்கியவர்கள் கண்காணிப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. எல்லா இயந்திரங்களோடும் பேசக்கூடியது அது. பல இடங்களில் எல்லாவற்றுக்குமான சாவியும் அதனிடம் இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து வந்த எஸ்.க்யூ.எல். சர்வர் 2022, பழைய ‘வியூ சர்வர் ஸ்டேட்’ அனுமதியை இன்னும் பகுத்தது. செயல்திறனைப் பார்க்க ஒன்று, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட நிலையைப் பார்க்க இன்னொன்று. 17 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்தது, இரண்டாகப் பிரிக்கத் தக்கது என்று அனுபவம் சொல்லியிருக்கிறது.

மென்பொருள் செய்பவர்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது சர்வரைக் கையில் வைத்திருப்பவர்களின் பங்கு. இதைப் படிப்பவர் அப்படி ஒருவராக இருந்தால், உங்கள் கண்காணிப்பு மென்பொருள் எந்தக் கணக்கில் உள்ளே நுழைகிறது என்று இந்த வாரமே பாருங்கள். அது ‘எஸ்.ஏ.’ ஆகவோ சூப்பர்யூசராகவோ இருந்தால், பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டுப் பழையதைப் பறித்துவிடுங்கள்.