வீட்டு நாற்று வளர்ப்பு

வீட்டு நாற்று வளர்ப்பு என்பது விதைகளைக் குழித்தட்டு, தொட்டி போன்ற கலன்களில் முளைக்க வைத்து, நடவுக்கேற்ற நாற்றுகளாக வீட்டிலேயே வளர்த்தெடுப்பதாகும். தக்காளி, கத்தரி, மிளகாய் முதலியன இவ்வாறு நாற்று விட்டு நடப்படுகின்றன. வெண்டை, முள்ளங்கி போன்றவை பொதுவாக நேரடியாக விதைக்கப்படுகின்றன. நல்ல நாற்றுக்கு உயரம் அடையாளம் அன்று. தடித்த குட்டையான தண்டும், பச்சை இலைகளும், வெண்ணிற வேர்களுமே அடையாளங்கள்.

நாற்று மெலிவதற்கான காரணங்கள்

ஒளி குறைந்த இடத்தில் முளைக்கும் நாற்று, ஒளியை எட்டுவதற்காகத் தண்டை நீட்டுகிறது. விதையில் உள்ள உணவு இதிலேயே செலவாவதால் தண்டு மெலிந்து சாய்கிறது. இது பெரும்பாலும் சத்துக் குறைபாடாகத் தவறாகக் கருதப்படுகிறது. ஆனால் தழைச்சத்து உரமிட்டால் தண்டு மேலும் மென்மையாகும். கூடுதல் ஒளியே இதற்குத் தீர்வாகும்.

காற்றில் அசையும் செடியின் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது. தொடுகையாலும் அசைவாலும் ஏற்படும் இவ்வகை மாற்றத்திற்குத் தாவரவியலாளர் மார்க் ஜாஃபே 1973ஆம் ஆண்டில் திக்மோமார்போஜெனிசிஸ் எனப் பெயரிட்டார். நாற்றுகளை நாள்தோறும் சிலமுறை கையால் மெல்லத் தடவிவிடுவதும் இதே விளைவைத் தரும்.

வளர்க்கும் முறை

மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றின் கலவை குழித்தட்டுகளில் நிரப்பப்படுகிறது. விதைகள் சுமார் அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றப்படுகின்றன. முளை தெரிந்தவுடன் மூடாக்கை நீக்கி, தட்டை வெளிச்சத்திற்கு மாற்ற வேண்டும். ஓரிரு நாள் தாமதமும் நாற்றை நீளச் செய்துவிடும். மேற்பரப்பு காய்ந்த பின்னரே நீர் தெளிக்க வேண்டும்.

கடினப்படுத்துதல்

நடவுக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பு நீரைச் சிறிது குறைத்து, வெயில் படும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது கடினப்படுத்துதல் எனப்படும். நிழலில் வளர்ந்த இலைகளின் மேற்றோல் மெல்லியது. எனவே அவற்றைத் திடீரென முழு வெயிலில் வைத்தால் இலைகள் கருகும். தக்காளி நாற்று சுமார் 25 நாட்களிலும், மிளகாய் 35 முதல் 40 நாட்களிலும் நடவுக்குத் தயாராகும்.

சென்னைப் புறநகரில்

தமிழ்நாடு அரசு 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட அனகாபுத்தூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் மொட்டைமாடியும் பால்கனியுமே நாற்றங்கால்களாகப் பயன்படக்கூடியவை. பால்கனியில் ஒருபக்கம் மட்டுமே ஒளி விழுவதால் தட்டை நாள்தோறும் திருப்பி வைக்க வேண்டும். மே மாத வெயிலில் நிழல்வலை தேவைப்படும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாற்றழுகல் நோய் பெரிய இடராகும். பித்தியம் முதலிய நுண்ணுயிரிகளால் தண்டின் அடிப்பகுதி அழுகி, ஓரிரு நாட்களில் தட்டிலுள்ள நாற்றுகள் முழுவதும் மடியலாம். தட்டுகளை மழை நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் உயர்த்தி வைப்பதும், நெருக்கமாக விதைக்காமலிருப்பதும் இதைத் தடுக்கும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து விதைநேர்த்தி செய்வதும் பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டளவிலான சிறிதளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதுமானது.