ஒரு ராத்தல் தானியம்

சென்ற மாதம் சரபங்கா ஆற்றங்கரையிலுள்ள ஓமலூர்க் கோட்டையைக் காணச் சென்றிருந்தோம். கோட்டையைப் பற்றிப் பிறிதொரு நாள் எழுதுவோம். இக்கட்டுரைக்குக் காரணம் தேநீர்க் கடையொன்றில் நடந்த சிறு நிகழ்ச்சி. எடை குறைப்பில் முனைந்திருக்கும் நம் குழு நண்பர், தம் முன் வைக்கப்பட்ட பன்னை விலக்கி வைத்தார். கடைக்கார ஆத்தாவுக்கு வியப்பு. "காச்சக்காரங்களே பன்னு திங்கறாங்க, உனக்கு என்ன கண்ணு வந்துது?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வியில் நியாயம் உண்டு. நம் ஊர்களில் ரொட்டி நெடுங்காலம் நோயாளியின் உணவாகவே இருந்தது. காய்ச்சல் கண்டால் பாலில் தோய்த்த ரொட்டி; தேறினால் சோறு. அந்த ரொட்டியைத்தான் இன்று மருத்துவர் குறைக்கச் சொல்கிறார்.

இவ்விலக்கைப் புகழ்பெறச் செய்தவர் மருத்துவரல்லர். லண்டனில் ஈமச்சடங்குகளை நடத்தித்தரும் தொழில் செய்த வில்லியம் பாண்டிங் என்பவர். 1862இல், தம் 66ஆம் வயதில், ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள அவர் 202 ராத்தல் (சுமார் 92 கிலோ) எடையிருந்தார். குனிந்து காலணி வாரைக் கட்ட இயலவில்லை. படிக்கட்டில் பின்புறமாக இறங்க வேண்டியிருந்தது. காது மந்தமானதால் வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் போனார். பாரிஸில் கிளாட் பெர்னார்டின் சொற்பொழிவுகளைக் கேட்டிருந்த ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ரொட்டி அடியோடு ஒழியவில்லை. வேளைக்கு ஓர் அவுன்சு, அதுவும் வாட்டியது, அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தது. 1863இல் பாண்டிங் தம் அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாயிற்று. சுவீடன் மொழியில் இன்றும் எடை குறைக்க உண்பதற்கு 'பாண்டா' என்றே சொல்கிறார்கள். (வேளைதோறும் இறைச்சி, இரண்டு மூன்று கிண்ணம் திராட்சை மது என்ற அவருடைய பட்டியலின் மறுபாதியை நண்பரிடம் சொல்லவில்லை!)

பாண்டிங் அவுன்சுக் கணக்கில் உண்ட காலத்திற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, நாங்கள் தேநீர் அருந்திய இதே சேலம் மாவட்டத்திலும் உணவை நிறுத்து அளந்தார்கள். அது தாது வருஷப் பஞ்சம். 1877இல் இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்திற்குரிய காசும் அதன்மேல் ஒரு சிறு தொகையும் போதும் என்று வரையறுத்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். இதற்குச் 'சோதனை' என்று பெயர். மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது, வெறுந் தானியம் மட்டும் உயிர் காக்காது, பருப்பு முதலியனவும் வேண்டும் என்பது அவர் வாதம். சிறைக் கைதிக்கே இதைவிட அதிகம் அளக்கப்பட்டது. சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் பலர் மெலிந்து மாண்டனர். 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. இறந்தோர் எத்தனை, ஊர்விட்டுப் போனோர் எத்தனை என்று இவ்வெண்கள் பிரித்துச் சொல்வதில்லை.

லண்டனில் ஒருவர் தாமே விரும்பித் தட்டைச் சுருக்கினார். இங்கோ வேறொருவர் வந்து சுருக்கினார். "இளைச்சுப் போயிட்டியே" என்ற சொல் நம் வீடுகளில் இன்றும் கவலையோடுதான் கேட்கப்படுகிறது. அதில் அந்தப் பஞ்சத்தின் நினைவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் உண்ட சமவெளி இது. பின்னர் அரிசி அன்றாட உணவாயிற்று. இப்போது அரிசியை விட்டு இரவில் நான்கு துண்டு ரொட்டி உண்டால் இளைக்கலாம் என்று நம்புவோர் பலர். மைதாவில் செய்த வெள்ளை ரொட்டி, சோற்றைப் போலவே விரைவில் இரத்தத்தில் சர்க்கரையாகிறது. களியும் மாவுப்பொருள்தான், உருண்டையின் அளவைப் பார்க்காமல் பழம்பெருமை பேசிப் பயனில்லை.

இவற்றையெல்லாம் ஆத்தாவிடம் விளக்க நண்பர் முயன்றார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துப் பன்னை இரண்டாகப் பிய்த்து, "பாதி தின்னு கண்ணு" என்றார். நண்பர் தின்றார்.