பக்கக் கணக்கும் பயிற்றுவித்தலும்: பல்கலைக்கழகப் பாடவாசிப்புகளில் பதிப்புரிமை இசைவின் வரலாறு (1976–2020)

ஆய்வுச் சுருக்கம்

பாடத்திட்டத்தில் இடம்பெறும் நூற்பகுதிகளை நகலெடுத்தோ மின்னுருவாக்கியோ மாணவர்க்கு வழங்கும்போது பதிப்பாளரிடம் இசைவு பெறவேண்டுமா என்னும் வினாவுக்கு அமெரிக்க நீதிமன்றங்களும் இந்திய நீதிமன்றங்களும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக வழக்கையும் (2008–2020) தில்லிப் பல்கலைக்கழக வழக்கையும் (2012–2017) இக்கட்டுரை ஒப்பிடுகிறது. முன்னதில் நகலின் அளவும் உரிமச் சந்தையும் மையமாயின. பின்னதில் பயிற்றுவித்தல் என்னும் நோக்கம் மையமாயிற்று. இவ்வேறுபாடு தமிழகப் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் தமிழ்த் துறைகளுக்கும் உணர்த்துவன இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, பாடத்தொகுப்பு, மின்னுருவாக்கம், நியாயப் பயன்பாடு, பல்கலைக்கழக நூலகம், நாட்டுடைமை.

முன்னுரை

உயர்கல்வியில் ஒரு தாளுக்குரிய வாசிப்புப் பட்டியலில் முழு நூல்களைக் காட்டிலும் இயல்களும் கட்டுரைகளுமே மிகுதியாக இடம்பெறுகின்றன. பட்டியலிலுள்ள நூல்கள் அனைத்தையும் மாணவர் விலைக்கு வாங்க இயலாது. நூலகத்தில் இருப்பனவோ பெரும்பாலும் ஓரிரு படிகளே. இவ்விடைவெளியை முதலில் வெளியே இரவல் தரப்படாத நூல்களுக்கான தனி அடுக்கும், பின்னர் ஒளிநகல் பாடத்தொகுப்பும், அதன்பின் நூலகத் தளத்தில் ஏற்றப்பட்ட மின்கோப்பும் நிரப்பின. வடிவம் மாறிய ஒவ்வொரு முறையும் இசைவு பற்றிய வினா மீண்டும் எழுந்தது. அவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பும் மெல்ல மெல்ல நூலகரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

1. வழிகாட்டுநெறி வரம்பாக மாறுதல்

அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தன் 107ஆம் பிரிவில் நியாயப் பயன்பாட்டை வரையறுத்தது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுக்கப்பட்ட அளவு, சந்தையில் ஏற்படும் விளைவு ஆகிய நான்கும் கருதப்படவேண்டும் என்றது. வகுப்பறைப் பயன்பாட்டுக்குப் பல படிகள் எடுப்பதையும் அப்பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிட்டது. எத்தனை பக்கம் என்ற எண் சட்டத்தில் இல்லை.

எண் வேறு வழியில் வந்தது. ஆசிரியர் குழுக்களும் பதிப்பாளர்களும் உடன்பட்டு வகுத்த வகுப்பறை வழிகாட்டுநெறிகள் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் சேர்க்கப்பட்டன. உரைநடையாயின் 2,500 சொற்களுக்குக் குறைந்த முழுக்கட்டுரை, அல்லது 1,000 சொற்கள், நூலில் 10 விழுக்காடு ஆகிய இரண்டில் குறைவான பகுதி என அவை அளவு கூறின. இவை குறைந்தபட்ச அளவே, உச்சவரம்பு அல்ல என அந்நெறிகளே தெளிவுபடுத்தின. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இவற்றை உயர்கல்விக்குப் பொருந்தாதவை என மறுத்தது. எனினும் வழக்கு அச்சம் காரணமாகப் பல நிறுவனங்கள் குறைந்தபட்ச அளவையே உச்சவரம்பாகக் கொண்டன. சட்டத்தில் இல்லாத ஓர் எண் நடைமுறையில் சட்டமாயிற்று.

1978இல் பதிப்புரிமை உரிமங்களைத் திரட்டி விற்கும் காப்பிரைட் கிளியரன்ஸ் சென்டர் செயற்படத் தொடங்கியது. 1991இல் கிங்கோஸ் என்னும் நகலக நிறுவனத்துக்கு எதிராக எட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், ஐந்து பாடத்தொகுப்புகளில் இருந்த 12 பகுதிகளுக்காக 5,10,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 1996இல் மிச்சிகனிலிருந்த மற்றொரு நகலகத்துக்கு எதிராகவும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டிலும் பிரதிவாதிகள் இலாபம் ஈட்டும் வணிகர்கள். இலாப நோக்கற்ற பல்கலைக்கழக நூலகமே நகலை வழங்கினால் என்ன என்பது விடைபெறாமல் நின்றது.

2. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக வழக்கு

அவ்வினாவை 2008இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு, சேஜ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றன. அட்லாண்டாவிலுள்ள இப்பல்கலைக்கழகத்தின் நூலகம், ஆசிரியர்கள் தெரிவுசெய்த நூற்பகுதிகளை மின்னுருவாக்கி, கடவுச்சொல் பெற்ற மாணவர் மட்டும் படிக்குமாறு வைத்திருந்தது.

2012 மே மாதம் மாவட்ட நீதிபதி ஒரிண்டா எவன்ஸ் ஏறத்தாழ 350 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அவர் ஆராய்ந்த 74 நேர்வுகளில் 26இல் பதிப்பாளர்கள் தொடக்கநிலைச் சான்றையே நிறுவவில்லை. எஞ்சிய 48இல் 43 நியாயப் பயன்பாடு, 5 மட்டுமே மீறல் எனக் கண்டார். பத்து இயல்களுக்குக் குறைந்த நூலாயின் 10 விழுக்காடு, பத்தும் அதற்கு மேலுமாயின் ஓர் இயல் என்பது அவர் கொண்ட அளவுகோல். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய நிலையான எண்ணை ஏற்க மறுத்தது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே, நான்கு கூறுகளையும் சீர்தூக்கி ஆராயவேண்டும் என வழக்கைத் திருப்பியனுப்பியது. 2016இல் மீறல்கள் 4 ஆயின. 2018இல் அத்தீர்ப்பும் தள்ளப்பட்டது. 2020 மார்ச்சில் மூன்றாம் முறையாக எண்ணியபோது மீறல்கள் 10 ஆயின.

அதே 48 பகுதிகள் 12 ஆண்டுகளில் மும்முறை எடைபோடப்பட்டு மூன்று வேறு எண்களைத் தந்தமை கருதத்தக்கது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஆய்வு என்பது கோட்பாட்டளவில் நேர்மையானது. ஆனால் பருவந்தோறும் ஆயிரக்கணக்கான பகுதிகளைக் கையாளும் நூலகத்துக்கு அது முன்கூட்டியே விடை தருவதில்லை. மேலும், மின்பகுதிக்கான உரிமம் விலைக்குக் கிடைக்கும் இடத்தில் சந்தை விளைவு என்னும் கூறு நூலகத்துக்கு எதிராகச் சாய்ந்தது. கிடைக்காத இடத்தில் ஆதரவாகச் சாய்ந்தது. இதனால், உரிமம் விற்கப்படுகிறது என்பதே உரிமம் தேவை என்பதற்குச் சான்றாகும் நிலை உருவாயிற்று. இவ்வழக்கின் செலவில் ஒரு பகுதியைக் காப்பிரைட் கிளியரன்ஸ் சென்டர் ஏற்றது என்பதையும் இங்கு இணைத்து நோக்கவேண்டும்.

3. தில்லிப் பல்கலைக்கழக வழக்கு

இந்தியாவில் இதே வினா ஒரு சிறிய ஒளிநகல் கடையை முன்னிட்டு எழுந்தது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள், தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஒளிநகலகத்தின் மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. அக்டோபரில் இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. மாணவர் அமைப்பு ஒன்றும் கல்வியாளர் அமைப்பு ஒன்றும் தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொண்டன. யாருடைய நூல்களின் பெயரால் வழக்குத் தொடுக்கப்பட்டதோ அவ்வாசிரியர்களுள் சிலரும் உட்பட முந்நூற்றுக்கு மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைத் திரும்பப் பெறுமாறு பதிப்பகங்களை வேண்டினர்.

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(ஐ), பயிற்றுவித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுவுருவாக்குவது மீறலாகாது என்கிறது. 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா இப்பிரிவின் அடிப்படையில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் அமர்ந்து மாணவர் கையால் படியெடுப்பது குற்றமன்று எனில், அதையே கருவியின் துணைகொண்டு செய்வது மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்பது அவர்தம் வாதத்தின் சாரம்.

2016 டிசம்பர் 9 அன்று நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு இப்பொருள்கோளை உறுதிசெய்தது. பயிற்றுவித்தல் என்பது வகுப்பறை விரிவுரையோடு முடிவதன்று என்றும், பயிற்றுவிக்கும் நோக்கம் எந்த அளவை நியாயப்படுத்துமோ அந்த அளவே வரம்பு என்றும் விளக்கியது. சட்டத்தின் அமைப்பும் இதற்கு அரணாக உள்ளது. கல்விப் பயன்பாட்டுக்கான தொகைநூல் வெளியீடு பற்றிய முந்தைய கூறு, ஒரே ஆசிரியரின் படைப்புகளிலிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்தாண்டுகளில் இரு பகுதிகளுக்கு மேல் வெளியிடலாகாது என எண் கூறுகிறது. அடுத்துவரும் கூறு (ஐ) எண் எதனையும் கூறவில்லை.

ஆயினும் இத்தீர்ப்பின் எல்லைகளை மறத்தலாகாது. தொகுப்புகளில் இடம்பெற்ற பகுதிகள் பயிற்றுவித்தலுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டனவா என்பதை விசாரிக்குமாறு அமர்வு வழக்கைத் தனி நீதிபதிக்குத் திருப்பியது. அவ்விசாரணை நடைபெறுமுன்பே, 2017 மார்ச் 9 அன்று பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. இந்திய மறுபடியெடுப்பு உரிமை அமைப்பின் மேல்முறையீட்டு மனுவை 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எனவே தில்லித் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதன்று; ஏற்கத்தக்க முன்னுதாரணம் என்னும் வலிமையே அதற்கு உண்டு.

4. தாளிலிருந்து மின்கோப்புக்கு

தில்லித் தீர்ப்பு ஒளிநகலைப் பற்றியது. மின்கோப்புக்கு அது பொருந்துமா? சட்டத்தின் 14ஆம் பிரிவு, மறுவுருவாக்கம் என்பதில் மின்னணு முறையில் சேமித்தலையும் அடக்குகிறது. ஆதலின் ஆசிரியர் ஓர் இயலை மின்னுருவாக்குவது கூறு (ஐ)யின் சொற்களுக்குள் அடங்கும் எனக் கொள்ள இடமுண்டு. ஆனால் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்த்தல் என்பது சட்டத்தில் தனி உரிமை. உலகில் யாரும் பதிவிறக்கத்தக்க தளத்தில் கோப்பை ஏற்றும்போது ஆசிரியர்–மாணவர் உறவு மறைகிறது. அவ்வுறவின்மேல் நிற்கும் விலக்கும் வலுவிழக்கிறது. தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க வணிக நோக்கற்ற பொது நூலகத்துக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. அது பாதுகாத்தலுக்கான விலக்கே, பரப்புதலுக்கு அன்று.

5. தமிழ்த் துறைகளின் நிலை

தமிழ்ப் பாடத்திட்டத்தில் இசைவு வேண்டாத பகுதி பிறதுறைகளைவிட மிகுதி. சங்க இலக்கிய மூலங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. உரையாசிரியர், பதிப்பாசிரியர் ஆகியோரின் உழைப்புக்கு அவர் இறந்த ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் எழுத்துகள் 2002 இறுதியிலும், 1956இல் மறைந்த ச.வையாபுரிப்பிள்ளையின் எழுத்துகள் 2016 இறுதியிலும் பொதுவுடைமையாயின.

இவற்றுக்கு மேலாக நாட்டுடைமை என்னும் தனி மரபு தமிழகத்துக்கு உண்டு. பாரதியின் படைப்புரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர்ப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. அதன்பின் பல எழுத்தாளர்களின் படைப்புகள் மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கி நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. இசைவுச் சுமையை ஒவ்வொரு நூலகத்தின் மீதும் ஏற்றாமல் அரசே ஒருமுறை தீர்த்துவைக்கும் வழி இது. எனினும் அண்மைக் காலத் திறனாய்வு நூல்கள், மொழிபெயர்ப்புகள், வாழும் எழுத்தாளர்களின் படைப்புகள் ஆகியன இவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. சிறு பதிப்பகம் ஒன்று வெளியிட்ட சில நூறு படிகளையே சந்தையாகக் கொண்ட தமிழ் நூல், பன்னாட்டுப் பதிப்பகத்தின் நூலோடு ஒப்பிடத்தக்கதன்று. அதை முழுமையாக மின்னுருவாக்கிப் பகிர்வது அந்நூலாசிரியரின் அடுத்த நூலுக்கே தடையாகலாம். நோக்கத்தை அளவுகோலாகக் கொள்ளும் நெறி இத்தகைய நூல்களில் ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பை எதிர்பார்க்கிறது.

முடிவுரை

அமெரிக்க வரலாறு பக்க எண்ணிக்கையை நம்பியதன் விளைவைக் காட்டுகிறது. எண் எளிமை தந்தது, உறுதி தரவில்லை. தில்லித் தீர்ப்பு எண்ணைக் கைவிட்டு, இப்பகுதி இப்பாடத்துக்கு ஏன் தேவை என்று கேட்டது. அவ்வினா விசாரணை மன்றத்தில் விடைபெறாமலே வழக்கு முடிந்தமையால், விடையளிக்கும் கடமை பல்கலைக்கழகங்களுக்கு எஞ்சியுள்ளது. எத்தாளுக்கு, எவ்வலகுக்கு, எம்மாணவர்க்கு, எப்பருவம் முடியும் வரை என்பனவற்றை ஒவ்வொரு மின்கோப்புடனும் நூலகம் பதிவுசெய்தல் வேண்டும். அணுகலைப் பதிவுபெற்ற மாணவர்க்கு வரையறுத்தல் வேண்டும். பொதுவுடைமையும் நாட்டுடைமையும் ஆகிய நூல்களைத் தனியே பிரித்து அனைவர்க்கும் திறந்துவிடுதல் வேண்டும். பயிற்றுவித்தல் என்னும் விலக்கை நீதிமன்றத்தில் மீண்டும் நிலைநாட்ட நேருமாயின், அப்பதிவேடே முதற்சான்றாக அமையும்.