புழு இல்லாப் புழுவெட்டு

பெயர் ஒன்றாகவும் உண்மை வேறொன்றாகவும் இருப்பது நோய்களின் வரலாற்றில் புதிதன்று. குழந்தையின் தலையில் காசளவு வட்டமாக மயிர் உதிர்ந்தால், அதனைப் புழுவெட்டு என்பர் தமிழர். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. மேனாட்டாரும் இத்தகைய பிழைக்கு ஆளானவரே. 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் பலர் இதனைத் தொற்றுநோய் என்றே கருதினர். பிரான்சு நாட்டில் இந்நோய் கண்ட சிறுவரைப் பள்ளியினின்று விலக்கியதும் உண்டு. நோயோடு பழியையும் குழந்தை சுமந்தது.

தைராய்டுச் சுரப்பியின் வரலாறு இதனோடு பின்னிக் கிடக்கின்றது. கழுத்தின் முன்புறம் அமைந்த இச்சுரப்பி குன்றினால் குழந்தையின் வளர்ச்சி தளரும், தோல் வறளும், தலைமயிர் பரவலாக மெலிந்து உதிரும். 1891-இல் ஆங்கில மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழிச் செலுத்தி, 46 வயதுடைய பெண் ஒருவரைத் தேற்றினார். அவ்வம்மையார் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். மருந்து கிடைத்தது, சுரப்பி ஏன் அழிகின்றது என்பது மட்டும் விளங்கவில்லை.

1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் வீங்கிய சுரப்பிகளை ஆராய்ந்து, அவற்றுள் வெள்ளணுக்கள் திரண்டிருத்தலைக் கண்டு எழுதினார். உலகம் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. அவர் தம் ஊருக்குத் திரும்பி மருத்துவத் தொண்டு புரிந்து, 1934-இல் மறைந்தார்.

காவலனே வீட்டைக் கொள்ளையிடுவான் என்று யார் நினைப்பர்? உடலின் காப்பாற்றல் உடலையே தாக்காது என்பதே அந்நாளைய அறிஞர் பலரின் துணிபு. 1956-இல் அத்துணிபு தகர்ந்தது. அமெரிக்காவில் ரோஸ், விட்டெப்ஸ்கி ஆகியோர் முயல்களைக் கொண்டு இவ்வுண்மையைக் காட்டினர். அதே ஆண்டில் லண்டனில் ரோய்ட், டோனியாக், கேம்பெல் முதலியோர், ஹஷிமோட்டோ நோயாளரின் குருதியில் தம் சுரப்பியையே எதிர்க்கும் பொருள்கள் இருத்தலைக் கண்டனர்.

புழுவெட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெள்ளணுக்கள் மயிர்க்கால்களைத் தாக்குவதால் விளைவது அது; பிறருக்குத் தொற்றாது. புழுவெட்டுக் கண்ட குழந்தைகளிடம் தைராய்டு நோய் மற்றவரைவிட மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சுரப்பிக் குறைவால் உதிர்ந்த மயிர், தைராக்சின் மாத்திரையால் சில திங்களில் மீளும். வட்டமாக உதிர்ந்த இடத்திற்கு அம்மாத்திரை மருந்தாகாது. பலருக்குத் தானே மயிர் வளர்தலும் உண்டு. தலையில் தோன்றும் படர்தாமரையோ தொற்றக்கூடியது. ஆதலின் பார்த்த அளவில் முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இவ்வரலாறு ஆசிரியருக்கும் உரியது. நேற்றுவரை சுறுசுறுப்பாய் இருந்த பிள்ளை இன்று தூங்கி வழியலாம், உடன் பயில்வோர் வளர, அது மட்டும் வளராதிருக்கலாம், தலைமயிரும் உதிரலாம். அதனைச் சோம்பல் என்று பிரம்பால் திருத்த முனைவது பெரும்பிழை. ஒரு குருதிச் சோதனை உண்மையை உரைத்துவிடும். பழியைத் துடைத்துக் காரணத்தைக் காண மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுவதில்லை.