விஸ்லரின் "வாயில்": ஒரு செப்புத்தகட்டுச் சித்திரமும் வெனிஸ் வரலாறும்

வெனிஸ் நகரின் ரியோ தெல்லா பாவா என்னும் சிறு கால்வாயின் கரையில் குசோனி மாளிகை நிற்கின்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில், மறுமலர்ச்சிக்காலக் கற்சிற்ப வேலைப்பாட்டுடன் எழுந்த பிரபுக்குல இல்லம் அது. அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் இம்மாளிகையின் நீர்வாயிலைச் செப்புத்தகட்டிற் பொறித்தார். "வாயில்" எனப் பெயரிய அச்சித்திரம் ஏறத்தாழ 11½ அங்குல உயரமே உடையது. எனினும் வெனிஸ் வரலாறு பயில்வோருக்கு அஃது ஒரு சான்றாதாரமாகும். அச்சான்று எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

விஸ்லர் வெனிஸுக்குச் சென்றது வறுமையினாலாகும். அவர்தம் ஓவியமொன்றை ஜோன் ரஸ்கின் 1877இல் கடுமையாக இகழ்ந்தெழுத, விஸ்லர் மான நட்ட வழக்குத் தொடுத்தார். 1878இல் வழக்கு அவர் பக்கமே தீர்ந்தது. ஆயின் கிடைத்த நட்டஈடு ஒரு பாதிங், அதாவது கால் பென்னி! மறு ஆண்டு அவர் கடன் தீர்க்க வகையற்றவராக அறிவிக்கப்பட்டார். இலண்டன் நுண்கலைக் கழகம் பன்னிரண்டு தகடுகள் பொறித்துவருமாறு அவரை அனுப்பியது. மூன்று மாதத்தில் மீள வேண்டியவர் 1879 செப்டெம்பர் முதல் 1880 நவம்பர் வரை ஆங்கே தங்கி, ஏறத்தாழ ஐம்பது தகடுகளைப் பொறித்தார்.

ரஸ்கினும் வெனிஸை எழுதியவரே. "வெனிஸின் கற்கள்" என்னும் அவர்தம் மூன்று தொகுதிகள் 1851 முதல் 1853 வரை வெளிவந்தன. தூண்களையும் வளைவுகளையும் அளவுகோல் கொண்டு அளந்து எழுதிய நூல் அது. விஸ்லரோ எதனையும் அளந்தாரல்லர். மெழுகு பூசிய தகட்டைக் கையிலேந்திச் சென்று, கண்டதை ஊசியாற் கீறினார்; கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்க, அப்பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அழுத்தி அச்சிடுவதே இக்கலையின் முறை. தகட்டில் நேராக வரைந்தமையால் அச்சில் இடம் வலமாக மாறிற்று. அதனைத் திருத்த அவர் முயலவில்லை. ஆதலின் இச்சித்திரங்களைக் கொண்டு இட அமைப்பை அறிய முயல்வோர் கண்ணாடி ஒன்றைத் துணைக்கொள்ளல் நன்று.

சித்திரத்தைக் கூர்ந்து நோக்குக. செதுக்குவேலை செறிந்த வாயில். இருமருங்கும் கம்பியிட்ட சாளரங்கள். நீரில் இறங்கும் படி. படியருகே ஓர் இளம்பெண் நீரை நோக்கிக் குனிகின்றாள். அவளுக்குப் பின்னே இருள். அவ்விருளினுள் விதானத்திலிருந்து நாற்காலிகள் தொங்குகின்றன. பிரபுக்களின் வாயில் நாற்காலி பழுதுபார்ப்போர் பட்டறையாகிவிட்டது!

1797 மே 12இல் வெனிஸின் பெருஞ்சபை நெப்போலியனுக்கு அஞ்சித் தன்னைத்தானே கலைத்தது. குடியரசு மாண்டது. அவ்வாண்டிலேயே நகர் அவுஸ்திரியாவுக்குக் கைமாறி, இடையிற் சிலகாலம் நெப்போலியனின் இத்தாலிய அரசுக்கு உட்பட்டு, 1866இல் இத்தாலியுடன் இணைந்தது. இதனை அறிந்தவர் அந்நாற்காலிகளைக் கண்டதும் வீழ்ச்சி என்றே முடிவுகட்டுவர். அம்முடிவு பாதியே பொருந்தும். வெனிஸின் பிரபு ஆதியில் வணிகனே. அவன் இல்லத்தின் கீழ்த்தளம் பண்டசாலை. ஓடங்கள் நீர்வாயிலில் அணைய, பொதிகள் உள்ளே சென்றன. குடும்பம் வாழ்ந்தது மேல்தளத்தில். தம் இல்லங்களை அவர்கள் "வீடு" என்றே வழங்கினர். தோகே என்னும் தலைவனது இல்லமே அரண்மனை எனப்பட்டது. எனவே கீழ்த்தளத்தில் தொழில் நடப்பது அம்மாளிகைக்குப் புதிதன்று. மிளகுப் பொதி போய்ப் பழைய நாற்காலி வந்தமையே புதிது. தொழில் செய்வோன் வீட்டுக்குரியவன் அல்லன் என்பது அதனினும் புதிது.

விஸ்லரின் தகடு வாயிலோடு நின்றுவிடுகின்றது. மேல்தளம் அதில் இல்லை. 1880இல் அங்கு யார் குடியிருந்தனர், யாருக்கு வாடகை சென்றது என்பன சித்திரத்தால் விளங்கா. அவற்றை நிலப்பதிவேடுகளிலேயே தேடல் வேண்டும்.